பிள்ளை கேட்காத கேள்வி

முதலாம் ஆண்டு, முதல் பெருவோதம்

அடித்தண்ணீர் அரசரின் ஒரே மகனுக்கு,

மேல்தண்ணீர் அரசரின் இரண்டாவது மகள் எழுதுவது. நான் நலம். நீ நலமா?

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று உங்கள் எழுத்தரைக் கேட்டேன். "இதுவே போதும்மா, உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சாச் சரி" என்றார். ஆனால் சிப்பித் தகட்டில் நிறைய இடம் மிச்சமிருக்கிறது. வீணாக்கினால் எங்கள் அம்மா திட்டுவார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு உன் அறையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கட்டில் கல் மாதிரி இருக்கிறது. தட்டிப் பார்த்தேன், கல்லேதான். எந்நேரமும் இருட்டு. ஒரு மணி அடித்தால் எழுந்திரு என்கிறார்கள், இன்னொரு மணி அடித்தால் தூங்கு என்கிறார்கள். உன் அலமாரியில் மூன்றாவது தட்டில் ஒரு பெட்டி நிறைய நண்டு ஓடுகள் இருக்கின்றன. நான் தொடவில்லை. ஒன்றே ஒன்றைத் தொட்டேன்.

உன் அம்மா என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை வாசலிலேயே நின்று பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. எட்டு வருடம் என்றால் எத்தனை நாள்?

இப்படிக்கு,
மேல்தண்ணீர் அரசரின் இரண்டாவது மகள், வயது பத்து


முதலாம் ஆண்டு, இரண்டாம் பெருவோதம்

மேல்தண்ணீர் அரசரின் இரண்டாவது மகளுக்கு,

நண்டு ஓட்டைத் தொடாதே. நீ தொட்டது எது? பெரியதா?

எட்டு வருடம் என்றால் தொண்ணூற்றாறு கடிதம். நாள் கணக்கு எனக்குத் தெரியாது.

உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். நம் இரண்டு பேரையும் பிணையாக வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு பெருவோதம் வரும், கடல் பெரிதாக ஏறி இறங்கும். ஒரு மாதம் உன் கடிதம், மறுமாதம் என் கடிதம் என்று அதோடு போக வேண்டும், போய்ச் சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். உன் கடிதம் இங்கே வராவிட்டால் என்னைக் கொன்றுவிடுவார்கள். என் கடிதம் அங்கே வராவிட்டால் உன்னை. உங்கள் எழுத்தர்தான் சொன்னார். சமாதானம் என்றால் இதுதானாம். நேற்று நான் ஒரே ஒரு தடவை இருமினேன், மூன்று வைத்தியர்கள் விழுந்தடித்து ஓடி வந்தார்கள்.

உன் அறையில் வெளிச்சம் தாங்க முடியவில்லை. கண்ணை மூடினாலும் உள்ளே வருகிறது. உன் அம்மா துணியைக் கிழித்து என் கண்ணில் கட்டிவிட்டார். இங்கே இருப்பவன் இங்கத்து எழுத்தில்தான் எழுத வேண்டுமாம், இல்லாவிட்டால் எழுத்தருக்குப் படிக்க வராதே. உன் அம்மாதான் சொல்லித்தருகிறார். இந்தக் கடிதத்தில் பாதி அவர் என் கையைப் பிடித்து எழுதியது. கை சூடாக இருக்கிறது. எங்கள் ஊரில் யாருக்கும் இவ்வளவு சூடான கை கிடையாது.

மறக்காமல் எழுது. நானும் மறக்க மாட்டேன்.

அடித்தண்ணீர் அரசரின் மகன், வயது பத்தே முக்கால்


ஐந்தாம் ஆண்டு, ஒன்பதாம் பெருவோதம்

அன்புள்ள கல்லுக்கு,

இனிமேல் உனக்கு இதுதான் பெயர். முறைக்காதே, வைத்தது நான் இல்லை, உன்னைப் பெற்றவர்.

ஒவ்வொரு தடவையும் உன் கடிதம் வந்ததும் என்ன நடக்கும் என்று உனக்குச் சொன்னதே இல்லை, இல்லையா? ஒளிப்புழு ஜாடிகள் எல்லாவற்றுக்கும் தீனி போட்டு முடித்துவிட்டு (முந்நூற்று நாற்பது ஜாடி, எண்ணியிருக்கிறேன், பாதி என் தலையில்தான்) அத்தை இடுப்புச் சாவிக்கொத்தோடு உன் கட்டில் காலடியில் வந்து உட்காருவார். ஆமாம், அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அரசியார் என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்க்கிறார். எங்கள் எழுத்து அவருக்குப் படிக்க வராது. "ம், படி" என்பார். நான் சத்தமாகப் படிப்பேன். முடித்ததும் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"அவ்ளோதானா? பெத்தவ இருக்காளா செத்தாளான்னு ஒரு வார்த்தை கேக்கறானா பாரு! பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க!"

ஐந்து வருடமாக இதே பாட்டு. பாவமாக இருக்கிறதே என்று போன தடவை நானாகவே கடைசியில் ஒரு வரி சேர்த்துப் படித்தேன், 'அம்மா எப்படி இருக்கிறார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்' என்று. அத்தை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பொய் சொல்லாதடி. அவன் அப்படிக் கேக்கற ஆளே இல்ல" என்று என் தலையில் ஒரு குட்டு. அப்புறம் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. தலைதான் வலித்தது.

ஆகவே கல்லே, ஒருமுறையாவது கேட்டுத் தொலை.

இன்னொரு செய்தி. கதவுக்குப் பக்கத்தில் உன் உயரத்தைக் கீறி வைத்திருக்கிறார்களே, அந்தக் கடைசிக் கோட்டை நான் தாண்டி எத்தனையோ நாளாகிவிட்டது. அதற்கு மேலே நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. உன் உயரத்தை எழுதி அனுப்பு. கோடு போட்டுவைக்கிறேன்.

அன்புடன்,
உன் கட்டிலில் முதுகு வலியோடு கிடப்பவள்


ஐந்தாம் ஆண்டு, பத்தாம் பெருவோதம்

அன்புள்ள நுரைக்கு,

எனக்குப் பெயர் வைத்தால் உனக்கும் உண்டு. பார்க்க நிறைய, கையில் எடுத்தால் ஒன்றுமில்லை என்று உன் தங்கைதான் உன்னைப் பற்றிச் சொன்னாள். நான் சிபாரிசு மட்டும் செய்தேன்.

அம்மா நன்றாகத்தான் இருப்பார். அவருக்கு ஒரு தலைவலி என்றாலே அரண்மனை முழுக்கத் தெரிந்துவிடும். தெரிந்ததை எதற்குக் கேட்பது? இதையும் படித்துக் காட்டு. குட்டு உனக்குத்தான்.

என் உயரம் உன் ஜன்னல் மேல்விளிம்புக்கு இரண்டு விரல் கீழே. நீ நட்டுவிட்டுப் போன பாசிக்கொடி ஜன்னலைச் சுற்றிவிட்டது. மாதம் ஒருமுறை நான்தான் கத்தரிக்கிறேன். அதன் நிழல் விழும் மூலையில்தான் நான் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பேன். இங்கே என் கண்ணுக்கு இதமான ஒரே இடம் அதுதான். உன் தங்கை எனக்கு ஆடக் கற்றுத்தர வந்தாள். நான் அறை சின்னது என்றேன். "ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்" என்று என் காலை மிதித்துவிட்டுப் போய்விட்டாள்.

என் கையெழுத்து உன் அம்மாவுடையதைப் போலவே ஆகிவிட்டது என்று எழுத்தர் தினமும் கேலி செய்கிறார். போன வாரம் பண்டக அறைச் சீட்டு ஒன்றை நான் எழுதினேன். உன் அம்மா எழுதினது என்றே நினைத்து எல்லாச் சாமானும் கொடுத்தனுப்பிவிட்டார்கள். உன் அம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார். பதிலுக்கு எங்கள் எழுத்தை என்னிடம் கற்றுக்கொள்கிறார்.

நுரை, நான் உன்னைப் பார்த்ததே இல்லை. உன் அம்மா சிரிக்கும்போது இதுதான் உன் சிரிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் தங்கை மிதிக்கும்போது இதுதான் உன் கோபம். உன் அப்பா பிடிவாதம் பிடிக்கும்போது இதுவும் உன்னிடம் இருக்கும், ஐயோ, என்று நினைத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு ஆள் வருகிறது. அந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தகடு கெடுத்தேன்.

கல்லு


எட்டாம் ஆண்டு, மூன்றாம் பெருவோதம்

என் அன்புக் கல்லுக்கு,

முதலில் எழுத்தருக்கு: ஐயா, இதற்கு மேல் வருவதை எல்லாம் படிக்காதது மாதிரிப் படித்துவிட்டு முத்திரை போடுங்கள். போன தடவை நீங்கள் காது சிவக்க நின்றதைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

கல்லு, இன்னும் ஒன்பதே மாதம். எப்படி மாற்றிக்கொள்வார்கள் என்று விசாரித்துவிட்டேன். சரிவில் வெட்டியிருக்கும் படிகளில் நடுப்படி என்று ஒன்று இருக்கிறதாம். உன்னை மேலிருந்து கூட்டி வருவார்கள், என்னைக் கீழிருந்து. இரண்டு பேரும் அந்தப் படியில் எதிரெதிரே நிற்க வேண்டும். இரு தரப்பும் சேர்ந்து ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் நீ இறங்குவாய், நான் ஏறுவேன். அதற்குப் பிறகு நீ உன் அறையில், நான் என் அறையில். கடிதமும் கிடையாது. பிணை முடிந்தபின் கடிதம் எதற்கு என்கிறார் எழுத்தர்.

எட்டு வருடம் உன் கட்டிலில் படுத்து, உன் நண்டு ஓட்டைத் துடைத்து, உன் அம்மாவிடம் உனக்காகக் குட்டு வாங்கினவளுக்கு நூறு எண்ணும் நேரம்தானா? எனக்கு ஆத்திரமாக வருகிறது. யாரிடம் காட்டுவது? ஜாடியிலிருக்கும் புழுக்களைத் திட்டுகிறேன்.

கை நீட்டினால் எட்டும் தூரம் என்று சொன்னார்கள். நான் நீட்டுவேன். நீயும் நீட்டு. எண்ணி முடித்தாலும் விடாதே.

மற்றபடி நலம். சாப்பிடுகிறேன், வேலை செய்கிறேன், ஒரே பக்கமாகப் படுத்துத் தூங்குகிறேன். ஏன் ஒரே பக்கம் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன்.

உன் நுரை


எட்டாம் ஆண்டு, நான்காம் பெருவோதம்

என் நுரைக்கு,

ஏன் ஒரே பக்கம் என்று கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை என்று உனக்குச் சான்றிதழே கிடைத்திருக்கிறதே.

உன் அப்பாவிடம் போய் நேராகவே சொன்னேன். உங்கள் மகளைக் கட்டிக்கொள்கிறேன், அவளும் சம்மதிப்பாள் என்று. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். "ரெண்டு பேரும் ஒரே பக்கம் இருந்தா, யாருக்கு யாருப்பா பிணை?" என்றார். அடுத்த எட்டு வருடத்துக்கு ஆள் தயாராம். இங்கிருந்து உன் தங்கை, அங்கிருந்து என் சித்தப்பா மகன். அந்தக் குட்டிப்பயலுக்கு இன்னும் தானாகச் சாப்பிடக்கூடத் தெரியாது.

உன் அப்பா கெட்டவர் இல்லை, நுரை. என் அப்பாவும் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுப் பார்க்கலாம். தலைக்கு மேல் தண்ணீர் போனபிறகு சாண் என்ன முழம் என்ன என்பார்களே, நமக்குப் பிறந்ததிலிருந்தே தலைக்கு மேல்தான்.

ஆனாலும் கையை நீட்டுவேன். இழுத்தால் இழுத்துக்கொள்ளட்டும். நூறு அவர்கள் எண்ணட்டும். நூற்றொன்றை நாம் எண்ணுவோம். அந்த ஒன்று நம்முடையது. விட மாட்டேன்.

செவுளில் கொஞ்சம் சிவப்பு. மேல்தண்ணீர்ச் சூடு இத்தனை வருடம் கழித்துத்தான் ஒத்துக்கொள்ளவில்லையாம். இப்போது ஐந்து வைத்தியர்கள். உன் அம்மா தூங்குவதே இல்லை. "எனக்காகவா, அங்க இருக்கறவளுக்காகவா?" என்று கேட்டேன். "ரெண்டுக்கும்தான்டா" என்றார். பொய் சொல்லாதவர் உன் அம்மா. எனக்கு அதுவே போதும்.

கவலைப்படாதே. என் அம்மாவுக்கு அந்தச் சிவப்பு வரியைப் படித்துக் காட்டாதே.

உன் கல்லு


எட்டாம் ஆண்டு, ஆறாம் பெருவோதம்

என் அன்பு நுரைக்கு,

நான் நலம். என் உடம்பு முழுவதும் தேறிவிட்டது. செவுளில் சிவப்பு எதுவும் இல்லை. கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தால் பெரிதுபடுத்தாதே, காய்ச்சலிலிருந்து எழுந்த கை.

நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அந்தக் குளிருக்குப் போர்வை போதுமானதாக இருக்கிறதா? அங்கே உன்னிடம் எல்லோரும் நன்றாக நடந்துகொள்கிறார்களா? எவ்வளவு வேலை இருந்தாலும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. படுக்கும்போது இடது காது மேலே இருக்கும்படி படு. அதுதான் உனக்கு நல்லது.

என் அப்பாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். இங்கே என் பாடங்கள் முடியவில்லை, இன்னும் மூன்று வருடம் இங்கேயே இருக்க எனக்குச் சம்மதம் என்று. உன் அப்பாவுக்கும் சம்மதம். ஆகவே இந்த வருடம் நான் நடுப்படிக்கு வரவில்லை. நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. வர முடிந்திருந்தால் வந்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். நீ பத்திரமாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

என் அம்மா எப்படி இருக்கிறார்? அவர் உடம்புக்கு ஒன்றுமில்லையே? அவரை நீ நன்றாகப் பார்த்துக்கொள். என்னை நினைத்து அவர் ஏங்கினால், பிள்ளை ஒரு குறையும் இல்லாமல் இருந்தான் என்று சொல்.

உன் கல்லு


எட்டாம் ஆண்டு, ஏழாம் பெருவோதம்

அன்புள்ள கல்லுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒன்பது முறை படித்தேன். முதல் முறை அத்தைக்காகச் சத்தமாக. அன்றைக்கு அவர் குட்டவில்லை. தகட்டைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. ஜாடிக்குத் தீனி போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். தீனி அப்போதுதான் போட்டு முடித்திருந்தோம்.

எல்லாம் புரிந்தது. உன் கையெழுத்து நடுங்கவில்லை. எனக்கு முதன்முதலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை எப்படி எழுதுமோ, அப்படியே இருக்கிறது. இடது காது மேலே இருக்கும்படிதான் படுக்கிறேன். இங்கே வந்த நாளிலிருந்து அப்படித்தான். மறந்தது ஒருநாள்கூட இல்லை.

உன் அப்பா சம்மதித்துவிட்டார். பிணை நீண்டால் சமாதானமும் நீளும் என்று சபையில் எல்லோருக்கும் சந்தோஷம். உனக்கு அங்கே அவ்வளவு பிடித்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எழுத்தர், "என்னம்மா, இந்தத் தடவை என்னைக் கேலி பண்ணவே இல்லையே" என்கிறார். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். உடனே வைத்தியர் வந்துவிட்டார். எனக்கும் தலைவலி என்றால் இங்கே விழுந்தடித்து ஓடி வருகிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் இதைப் பற்றிக் கேட்க மாட்டேன். காய்ச்சல் முற்றியிருந்ததே, அன்றைக்கு உனக்கு ரொம்ப வலித்ததா? பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஏதாவது சொன்னாயா? இப்போது எங்கே படுத்திருக்கிறாய்? கண்ணில் வெளிச்சம் படாத இடம்தானே?

நான் சாப்பிடுகிறேன். போர்வை இருக்கிறது. நீ அழாதே.

உன் நுரை


எட்டாம் ஆண்டு, எட்டாம் பெருவோதம்

என் கண்ணே,

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன்.

காய்ச்சல் முற்றியது ஒரே ஒருநாள்தான். முதலில் வலி இருந்தது, பிறகு இல்லை. உன் அம்மா பக்கத்திலேயே இருந்தார். எழுந்து எங்கும் போகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வைத்தியர்கள் விடச் சொன்னபிறகும் விடவில்லை. வெகுநேரம் கழித்து உன் அப்பா வந்துதான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்று, இரண்டு என்று. காய்ச்சலில் ஏதோ பிதற்றல் என்று வைத்தியர்கள் நினைத்தார்கள். நூற்றொன்று வரை வந்தேன். உன் அம்மாவுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது ஜன்னலுக்கு வெளியே உன் பாசிக்கொடியின் நிழலில்தான் இருக்கிறேன். வெளிச்சம் துளியும் படாது. கொடியை உன் அம்மா இன்னும் அடர்த்தியாக வளரவிட்டிருக்கிறார். தினமும் வந்து பக்கத்தில் உட்காருகிறார். தங்கையும் வருகிறாள். யாரையும் மிதிப்பதில்லை.

அங்கே என் அம்மாவுக்கு நீதான் துணை. அவரிடம் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும். நீ உயிரோடு இரு.

காது வலிக்கிறதா, கண்ணே?

கல்லு


எட்டாம் ஆண்டு, ஒன்பதாம் பெருவோதத்துக்கு முதல் நாள்

கல்லு,

இது ஓதத்தோடு போகிற கடிதம் இல்லை. எழுத்தரிடம் போகாது. முத்திரையும் கிடையாது. எழுதி முடித்ததும் உன் நண்டு ஓட்டுப் பெட்டிக்கு அடியில் வைக்கப்போகிறேன். உன் பொருளை யாரும் தொட மாட்டார்கள், என்னைத் தவிர.

என் இடது காது பழுது. ஆழத்தில் தண்ணீர் அழுத்தும், வலி உயிர் போகும். பிணைக்கு வருகிறவளுக்கு உடம்பில் பழுது இருக்கக் கூடாதாம். தெரிந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தங்கையைக் கேட்பார்கள். அப்போது அவளுக்கு நாலு வயது. அதனால் அம்மா மறைத்தார். "யாருகிட்டயும் சொல்லாத. அந்தக் காது மேல இருக்கற மாதிரி படு, வலிக்காது" என்று சொல்லித்தான் படியில் இறக்கிவிட்டார். எட்டு வருடத்தில் நான் வாய் திறக்கவில்லை. உன்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைப் படித்ததும் இது நீ எழுதியது இல்லை என்று தெரிந்துவிட்டது. நீ இல்லை என்றும் தெரிந்துவிட்டது. படிக்கிறதை நிறுத்தினால் அத்தை கேட்பாரே என்று நிறுத்தாமல் கடைசிவரை படித்தேன்.

உனக்காக நான் ஒருமுறைகூட வாய்விட்டு அழவில்லை, கல்லு. அழுதால் காரணம் கேட்பார்கள். உன் அப்பாவுக்குத் தெரிந்தால் அடுத்த மணிக்குள் என் உயிர் இருக்காது. அவர் என்னைக் கண்டால் தலையைத் தடவிவிட்டுத்தான் போவார். ஆனாலும் செய்வார். சட்டம் அது.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நேற்று வந்த கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. எழுத்து மங்கலாக இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன். இன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"போன தடவை வந்ததுல எத்தனை கேள்வி இருந்துச்சு, எண்ணுனியா?" என்றார்.

நான் போர்வையை மடிக்க ஆரம்பித்தேன்.

"நான் எண்ணுனேன். ஆறு கேள்வி. சாப்டியா, போர்வை இருக்கா, எல்லாரும் நல்லா நடந்துக்கறாங்களா... எட்டு வருஷத்துல என் பிள்ளை ஒண்ணு கேட்டதில்ல. கடைசியில என்னைய வேற கேட்டிருக்கு, உடம்புக்கு ஒண்ணுமில்லையேன்னு. நீயா சேத்துப் படிக்கறியோன்னு உன் மூஞ்சியப் பாத்தேன். நீ சேக்கல. தகட்டுலேர்ந்து கண்ணை எடுக்கவே இல்ல."

"அத்தை..."

"அது பெத்தவ கேக்கற கேள்விடி. பிள்ளை கேக்காது."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? அவர் இப்போது கத்தினால் போதும். வாசலில் காவல் நிற்கிறது. அத்தை கத்தவில்லை. சாவிக்கொத்து சத்தம் போடாமல் இருக்க அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா எனக்குத் தெரியும்" என்றார். "அவர்கிட்ட சொல்லலாம்னு நாலு தடவை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். வந்து பாத்தா நீ என் பையன் கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்துக் கெடக்குற. நான் என்னடி பண்ணுவேன்?"

அப்புறம், "நேத்து வந்ததப் படி" என்றார்.

படித்தேன். கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "அந்த வரியை மறுபடி படி." படித்தேன். "இன்னொரு தடவை." எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. நூற்றொன்று என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். உன் அம்மாவிடம் நம் விஷயத்தைச் சொன்னது இப்படித்தான், கல்லு. கோபித்துக்கொள்வார் என்று பயந்து, மூன்று வருடமாக அந்த வரிகளை எல்லாம் விட்டுவிட்டுத்தான் படித்தேன். என் முடியை ஒதுக்கிவிட்டு, "அவனுக்கு இவ்ளோ புத்தி இருந்துச்சா" என்றார்.

"அவங்க மேல கோவமா அத்தை?"

"இருக்கு. என் பிள்ளை செத்தத எங்கிட்டயே மறைச்சுட்டாளேன்னு வயிறு எரியுது. சொல்லியிருந்தா நீ செத்திருப்ப. அதுவும் தெரியுது. தெரிஞ்சும் எரியுது. அவ எடத்துல நான் இருந்தாலும் இதத்தான் பண்ணியிருப்பேன், அதுக்கும் சேத்து எரியுது."

மூன்று வருடம் கழித்து நடுப்படியில் யாரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அதற்கு விடை தெரியாது.

எழுந்து போய்க் கதவுப் பக்கம் நின்றார். ஐந்தாம் ஆண்டில் நீ எழுதி அனுப்பியதை வைத்து நான் போட்ட கோட்டில் கை வைத்துப் பார்த்தார். உன் உச்சந்தலை அப்போது அங்கேதான் இருந்திருக்கும். அவருக்குக் கையை உயர்த்தித்தான் தொட வேண்டியிருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே காவல்காரனுக்குக் கேட்கிற மாதிரி, எப்போதும் போடுகிற சத்தத்தையே போட்டார்.

"பெத்தவ இருக்காளா செத்தாளான்னு ஒரு வார்த்தை கேக்கறானா பாரு!"

வெளியே காவல்காரன் சிரித்தது கேட்டது.

என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "தகடு எடு. நாளைக்கு ஓதம்" என்றார். "அங்க ஒருத்தி வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பா. காது வலிக்கலன்னு மொதல்ல எழுது."

உன் நுரை